அக்காவின் கணக்கு



நீங்கள் எப்போதேனும் செஞ்சிக்கு வந்து ராஜகிரி மலையில் ஏறியிருந்தால், உச்சியை நெருங்கும் இடத்தில் ஒரு பாறைப் பிளவைக் கடந்திருப்பீர்கள். ஏறத்தாழ 24 அடி அகலம், 60 அடி ஆழம். அந்தக் காலத்தில் அதன்மீது ஒரு மரப்பாலம் கிடந்தது. பகைவர் மலையடிவாரம் வரை வந்துவிட்டாலும் பாலத்தை எடுத்துவிட்டால் போதும். மேலே இருப்பவர் மேலேயே இருப்பார், கீழே இருப்பவர் கீழேயே நிற்பார். மாணவர்களைச் சுற்றுலா அழைத்துச் சென்ற நாள்களில், அந்த இடத்தில் நின்று, "கோட்டையின் பலம் மதிலில் இல்லை பிள்ளைகளே, இந்தப் பலகையில் இருக்கிறது" என்று சொல்லுவேன். முப்பது ஆண்டுகள் ஆசிரியராக இருந்து அதைச் சொல்லிச் சொல்லி ஓய்வும் பெற்றுவிட்டேன். ஆனால் அப்படியொரு பலகையை என் உடன்பிறந்த அக்காவுக்கும் அவருடைய காசுக்கும் நடுவிலிருந்து நானே எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன் என்பது, 2022-ஆம் ஆண்டு ரமலானுக்கு முந்தைய வாரத்தில்தான் எனக்கு விளங்கிற்று. அந்தக் கதையை உங்களிடம் சொல்லவே இதை எழுதுகிறேன்.

அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். எங்கள் அத்தா காலத்தில் பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது அரிது. ஓதப் பழகினார், ஓலையில் விரல் வைத்து அரபு எழுத்துகளைக் கூட்டிப் படிப்பார். தமிழ் எழுத்து வராது. ஆனால் எண்கள் தெரியும். ரூபாய் நோட்டும் பேருந்தின் தட எண்ணும் அவருக்கு அவற்றைக் கற்பித்திருந்தன. மச்சான் கோரைப்பாய் வியாபாரம் செய்தார். எங்கள் ஊரிலிருந்து வடக்கே வந்தவாசி. அங்கே பாய் நெசவு நம் மக்கள் பலருக்குத் தலைமுறைத் தொழில். கைத்தறி ஓய்ந்து விசைத்தறி வந்த பின்னும் வந்தவாசிப் பாய்க்கு மதிப்புக் குறையவில்லை. மச்சான் அங்கிருந்து கட்டுக்கட்டாய்ப் பாய் எடுத்து வந்து, செஞ்சியில் வீட்டுத் திண்ணையில் அடுக்கி விற்பார். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் ஊர் ஆட்டுச் சந்தை விடியுமுன் கூடிவிடும். ஆடு விற்ற காசோடு வரும் கிராமத்தார் இரண்டு பாயும் வாங்கிக்கொண்டு போவார்கள். அவர் கடையில் ஒரே விலை, பேரம் கிடையாது.

2016 நவம்பர் 8 இரவு 500 ரூபாய், 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டதே, நினைவிருக்கும். அந்த மாதம் முழுவதும் மச்சான் கடனுக்கே பாய் விற்றார். ஒரு நோட்டில் பெயரெழுதி வைத்துக்கொண்டார். கடன் முழுவதும் திரும்பி வரவில்லை. 'கையில் காசில்லாத வியாபாரம்' என்று நாட்டில் எல்லோரும் பேசத் தொடங்கிய காலம் அது. கைப்பேசி வழியாக ஒரு வங்கிக் கணக்கிலிருந்து மற்றொன்றுக்கு நொடியில் பணம் அனுப்பும் யூபிஐ முறை அதே ஆண்டு ஏப்ரலில்தான் வந்திருந்தது. மச்சானுக்கு அதில் நாட்டமில்லை. 2018-இல் அவர் வபாத்தானார். அக்கா இத்தா முடிந்து வெளியே வந்ததும், பிள்ளைகள் கையை எதிர்பார்க்க மனமின்றி, அதே திண்ணையில் அதே பாய்களை அடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

கொரோனா முடக்கம் தளர்ந்து 2021-இல் கடைத்தெரு மீண்டும் உயிர் பெற்றபோது வாடிக்கையாளர் மாறியிருந்தனர். பாயை விரித்துப் பார்த்துவிட்டு, "ஜீபே இருக்கா?" என்பார்கள். இல்லை என்றால் பாயைச் சுருட்டி வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். வாரத்துக்கு நான்கைந்து பேர் இப்படித் திரும்பிப் போனார்கள். அக்காவிடம் இருந்தது பொத்தான் அமுக்கும் சிறு கைப்பேசி. அப்போது தம்பி என்ற உரிமையில் நான் ஓர் ஏற்பாடு செய்தேன். என் வங்கிக் கணக்கோடு இணைந்த ஸ்கேன் அட்டை ஒன்றை எடுத்துவந்து திண்ணைத் தூணில் ஒட்டினேன். "யார் ஸ்கேன் செய்தாலும் பணம் என்னிடம் வந்துவிடும். சனிக்கிழமைதோறும் ரொக்கமாகக் கொண்டுவந்து தந்துவிடுகிறேன். உங்களுக்கு ஒரு கவலையும் வேண்டாம்" என்றேன். அக்கா தலையசைத்தார். பெரிய உதவி செய்துவிட்ட நிறைவோடு வீடு திரும்பினேன். இது நடந்தது 2021 டிசம்பரில்.

சொன்னபடியே சனிக்கிழமைதோறும் கொடுத்தேன். சில வாரம் ஆயிரம், சில வாரம் ஆயிரத்து ஐந்நூறு. கைப்பேசியைத் திறந்து வரவுகளைப் பார்ப்பேன். மனத்தில் கூட்டி ஒரு தொகை எடுப்பேன். சில்லறை இல்லாவிட்டால், "அடுத்த வாரம் சேர்த்துத் தருகிறேன் அக்கா" என்பேன். என் மகனும் அதே கணக்கிலிருந்துதான் பெட்ரோலுக்கும் மின்கட்டணத்துக்கும் பணம் செலுத்துவான். யாரும் எதையும் திருடவில்லை. ஒரே குடத்தில் இரண்டு வீட்டுத் தண்ணீரை ஊற்றி வைத்தோம், அவ்வளவுதான்.

ரமலான் நெருங்கியது. வழக்கம்போல் ஸகாத்துக் கணக்குப் பார்க்க உட்கார்ந்தேன். வங்கி இருப்பை எழுதும்போது பேனா நின்றுவிட்டது. இதில் அக்காவுடையது எவ்வளவு? அதைக் கழித்துவிட்டல்லவா என் கணக்கை எழுத வேண்டும்? எழுந்து அவர் வீட்டுக்குப் போனேன். "அக்கா, உங்கள் பணம் ஏதேனும் என்னிடம் பாக்கி இருக்குமா? ஸகாத்துக் கணக்குக்காகக் கேட்கிறேன்" என்றேன்.

அக்கா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு உள்ளே போய்ப் பழைய பிஸ்கட் டப்பா ஒன்றை எடுத்து வந்து என்முன் கவிழ்த்தார். விரல் நீளத்துக்கு நறுக்கிய கோரைத் துண்டுகள். சில சிவப்பு, சில பச்சை.

"யாராவது அந்த அட்டையைப் படம்பிடித்துப் பெரிய பாய் வாங்கினால் ஒரு சிவப்புப் போடுவேன். சின்னப் பாய்க்குப் பச்சை. எண்ணிப் பார் தம்பி."

எண்ணினேன். சிவப்பு 41. பச்சை 27. பெரிய பாய் 400 ரூபாய், சிறியது 250. ஆக 16,400-உம் 6,750-உம் சேர்ந்து 23,150 ரூபாய். நான் கொடுத்த தொகையும் அவருக்கு மனப்பாடமாக இருந்தது: 20,800. வீட்டுக்கு ஓடிவந்து நான்கு மாத வங்கி விவரத்தை எடுத்து, ஒவ்வொரு வரவாகப் பென்சிலால் குறித்துக் கூட்டினேன். 23,150. ஒரு ரூபாய் பிசகவில்லை.

எழுதப் படிக்கத் தெரியாதவரின் கணக்குச் சரியாக இருந்தது. முப்பது ஆண்டுகள் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் 2,350 ரூபாயை வைத்துக்கொண்டு, தெரியாமலேயே இருந்திருக்கிறேன்.

பணத்தை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனேன். "ஏன் அக்கா ஒரு வார்த்தை கேட்கவில்லை?" என்றேன். அவர் சொன்ன பதில் இன்றும் என் நெஞ்சில் முள்ளாக நிற்கிறது: "உதவி செய்கிற கையைக் கணக்குக் கேட்கலாமா தம்பி? கேட்டால் அட்டையை எடுத்துக்கொண்டு போய்விடுவாயோ என்று பயந்தேன்."

வாசகர்களே, இதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். எங்கள் வீதியில் கோபுரம் இருக்கிறது, அலைவரிசை இருக்கிறது, அட்டை இருக்கிறது, பணமும் வந்துகொண்டிருக்கிறது. அறிக்கை எழுதுகிற அதிகாரி எவரேனும் வந்திருந்தால், 'மின்னணு வணிகத்தில் இணைந்த சிறு வியாபாரி' என்று அக்காவைக் குறித்துக்கொண்டு போயிருப்பார். ஆனால் அவரோ தம்முடைய சொந்தக் காசைக் கேட்க அஞ்சிக்கொண்டு, கோரையை நறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார்.

உலகம் இதற்கு 'எண்ணிம இடைவெளி' என்று பெயர் வைத்திருக்கிறது. 2003-இல் ஜெனீவாவிலும் 2005-இல் தூனிஸ் நகரிலும் ஐ.நா. இதற்கென உச்சி மாநாடே நடத்தியது. ஐ.நா.வின் தொலைத்தொடர்பு அமைப்பு 2024-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகில் சுமார் 260 கோடிப் பேர் இணையத்துக்கு வெளியே இருந்தனர். வருவாய் குறைந்த நாடுகளில் நூற்றுக்கு 27 பேர்தான் இணையத்தைப் பயன்படுத்தினர். நம் நாட்டில் 2019–21-இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, ஒருமுறையேனும் இணையத்தைப் பயன்படுத்திய பெண்கள் நூற்றுக்கு 33 பேர், ஆண்கள் 57 பேர் என்று கூறியது. தாமே பயன்படுத்தும் கைப்பேசி உடைய பெண்கள் பாதியைச் சற்றே தாண்டினர். இந்த எண்கள் முக்கியமானவைதாம். ஆனால் இவை எல்லாம், கருவி இருக்கிறதா இல்லையா என்பதைத்தான் சொல்கின்றன. கருவி யார் கையில் இருக்கிறது, அதனுள் இருப்பது யாருடைய பொருள் என்பதைச் சொல்வதில்லை. எங்கள் வீட்டில் இடைவெளி மலைக்கும் சமவெளிக்கும் இடையே இருக்கவில்லை. தம்பிக்கும் அக்காவுக்கும் இடையே இருந்தது.

இதை முன்பே உணர்ந்து செயல்பட்டவர்கள் நமக்கு மிக அருகிலேயே இருந்தார்கள். 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர் அதன் நடுநிலையம். எம்பலம், வீராம்பட்டினம் முதலிய ஊர்களில் கிளைகள். தொலைபேசிக் கம்பி சரியாக எட்டாத ஊர்களுக்குக் கம்பியில்லாக் கருவி வழியே செய்தி போகும். ஊரார் இடம் தர வேண்டும்; அந்த இடத்துக்குள் எல்லாச் சாதியினரும் தடையின்றி வர வேண்டும் என்பது நிபந்தனை. மையங்களை நடத்தியவர்களில் உள்ளூர்ப் பெண்கள் பலர். விளைபொருள் விலை, அரசுத் திட்டங்கள், மருத்துவச் செய்திகள் எல்லாம் தமிழில் கிடைத்தன. வீராம்பட்டினம் மீனவர் ஊர். அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்தில் வரும் அலை உயர முன்னறிவிப்பை எடுத்து, தமிழாக்கி, ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். கடலுக்குப் போகலாமா என்று தீர்மானிக்க, மீனவருக்குக் கணினி வேண்டாம், ஆங்கிலம் வேண்டாம், எழுத்தும் வேண்டாம், காது இருந்தால் போதும். 2004 டிசம்பர் 26 அன்று, நல்லவாடு என்ற ஊருக்குச் சிங்கப்பூரிலிருந்து அவ்வூர் இளைஞர் ஒருவர் தொலைபேசியில் ஆழிப்பேரலை பற்றிச் சொன்னபோது, அந்த ஒலிபெருக்கிதான் ஊர் முழுவதையும் மேட்டுக்கு ஓடச் செய்து உயிர்களைக் காத்தது.

வேறு நாடுகளிலும் வென்ற திட்டங்களைப் பார்த்தால் இதே இயல்பு தெரிகிறது. வங்காளதேசத்தில் 1997 முதல், கிராமீன் வங்கியில் கடன் பெற்ற ஏழைப் பெண்கள் கைப்பேசி வாங்கி, ஊராருக்குப் பேசக் கட்டணத்துக்குக் கொடுத்தார்கள். வெளிநாட்டில் உள்ள மகனோடு பேச வேண்டுமென்றால், ஊர்ப் பெரியவரும் அந்தப் பெண்ணின் முற்றத்துக்குத்தான் வரவேண்டும். கருவியும் அவளுடையது; வருமானமும் அவளுடையது. கென்யாவில் 2007 மார்ச்சில் தொடங்கிய எம்-பெசா, சாதாரணப் பொத்தான் கைப்பேசியிலேயே பணம் அனுப்ப வழிசெய்தது. இணையம் தேவையில்லை. பணத்தைப் போடவும் எடுக்கவும் தெருமுனைக் கடையே போதும். எளியவருக்கு எது இருக்கிறதோ, அதிலிருந்தே இவர்கள் தொடங்கினார்கள்.

சரி, அக்காவின் கதைக்கு வருகிறேன். மறுநாளே அவரை வங்கிக்கு அழைத்துச் சென்றேன். அவருக்குக் கணக்கு இல்லாமல் இல்லை. 2014 ஆகஸ்டில் ஜன்தன் திட்டம் வந்தபோது எடுத்த கணக்கு. நாட்டில் அத்திட்டத்தின்கீழ் 50 கோடிக்கும் மேற்பட்ட கணக்குகள் திறக்கப்பட்டுள்ளன. அக்காவின் கணக்குப் புத்தகமோ டிரங்குப் பெட்டியின் அடியில், உறை பிரிக்காத அட்டையோடு உறங்கிக்கொண்டிருந்தது. கைப்பேசி எண் இணைக்கப்படவில்லை; ஆதாரில் பெயர் ஓர் எழுத்து மாறியிருந்தது. அதைச் சரிசெய்ய மூன்று வாரம் அலைந்தோம். ஒருமுறை மையத்தில் இயந்திரம் அவருடைய கைரேகையை ஏற்கவில்லை. ஆண்டாண்டாய்க் கோரை உரசித் தேய்ந்த விரல்கள்! "என் விரலே என்னைத் தெரியாது என்கிறதா?" என்று அவர் சிரித்தபோது, எனக்குச் சிரிக்க முடியவில்லை.

கடைசியில் அவர் பெயரிலேயே ஸ்கேன் அட்டை வந்தது. முதல் நாள் ஒரு பாய் விற்றது. கைப்பேசியில் ஆங்கிலத்தில் குறுஞ்செய்தி வந்தது. அக்கா என்னைப் பார்த்தார். எங்கள் கோட்டைக்குள் சஅதத்துல்லா கானின் பள்ளிவாசல் இருக்கிறது, 1717–18-இல் கட்டப்பட்டது. அதில் பாரசீகக் கல்வெட்டு உண்டு. எத்தனையோ முறை அதன்முன் நின்றிருக்கிறோம். எங்கள் குடும்பத்தில் எவருக்கும் அதைப் படிக்கத் தெரியாது. யாரோ சொன்னதை நம்பிக்கொண்டு போகிறோம். முந்நூறு ஆண்டுப் பழைய கல்லை அப்படி நம்பலாம். இன்று காலை விற்ற பாயின் காசை அப்படி நம்பச் சொல்வது நியாயமா?

அதற்கும் ஒரு வழி இருந்தது. பணம் வந்தவுடன், "நானூறு ரூபாய் பெறப்பட்டது" என்று தமிழில் உரக்கச் சொல்லும் சிறு பெட்டி. அதற்குள்ளேயே ஒரு சிம் இருக்கிறது. வேறு கைப்பேசி வேண்டாம். மாத வாடகை உண்டு. ஆனால் அக்காவுக்கு அது வீண்செலவாகத் தோன்றவில்லை. பெட்டி முதன்முதலாகப் பேசியபோது அவர் திடுக்கிட்டு முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டார். பிறகு மெல்லச் சொன்னார்: "இப்போதுதான் தம்பி, என் காசு என் காதில் விழுகிறது." வீராம்பட்டினத்து ஒலிபெருக்கியைத்தான் அப்போது நினைத்துக்கொண்டேன்.

பெட்டி கொடுத்த துணிவில் மற்றவற்றையும் கற்றுக்கொண்டார். கற்றுக்கொடுத்தவள் கல்லூரியில் படிக்கும் அவர் பேத்தி. பொத்தான் கைப்பேசியிலேயே *99# அழுத்தி இருப்பைப் பார்க்கலாம். தமிழிலும் அது வரும். எழுத்தைப் படிக்க வராவிட்டாலும் எத்தனையாவது எண்ணை அழுத்த வேண்டும் என்ற வரிசையும், கடைசியில் தெரியும் தொகையும் அவருக்குப் போதுமானவையாக இருந்தன. ரகசிய எண்ணைப் பேத்தியிடமும் சொல்லக் கூடாது என்று பேத்தியே கற்பித்தாள். ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லி மனத்தில் பதியவைத்தாள்: "பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை நன்னி. பணம் அனுப்புகிறோம், எண்ணைப் போடுங்கள் என்று எவன் சொன்னாலும் அவன் ஏமாற்றுக்காரன்." வாசகர்களே, இதை உங்கள் வீட்டிலும் சொல்லி வையுங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். ஒவ்வொரு நிமிடமும் மதிப்புள்ளது.

பேத்தியின் ஆசை அதோடு நிற்கவில்லை. இணையச் சந்தையில் வந்தவாசிப் பாய் விற்பதைக் கைப்பேசியில் காட்டினாள். விலையைப் பார்த்து மலைத்துப் போனோம். எங்கள் திண்ணை விலையைவிட இரு மடங்குக்கும் மேல். விற்பவர் முகவரியோ வெகுதொலைவில் உள்ள பெருநகரம். "நாமே விற்கலாமே நன்னி!" என்றாள். 2022 கோடையில் பதிவு செய்ய உட்கார்ந்தாள். முதல் பக்கத்திலேயே ஜிஎஸ்டி எண் கேட்டார்கள்.

இங்கே ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். சரக்கு விற்கும் சிறு வியாபாரி, ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை, நம் மாநிலத்தில் ஜிஎஸ்டி பதிவு செய்ய வேண்டியதில்லை. திண்ணையில் விற்றால் இச்சலுகை உண்டு. அதே பாயை இணையச் சந்தை வழியாக விற்றால், ஒரே ஒரு பாய் விற்றாலும் பதிவு கட்டாயம் என்று அந்நாளில் சட்டம் இருந்தது. பதிவு செய்தால் தவறாமல் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். அதற்கு ஒரு கணக்காளருக்குக் கூலி கொடுக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்குச் சற்று மேல் விற்பவருக்கு இது தாங்குமா? சிறு விற்பனையாளரின் இந்த இடர்ப்பாட்டை ஜிஎஸ்டி மன்றம் 2022-இல் ஏற்றுக்கொண்டது. 2023 அக்டோபர் 1 முதல், வரம்புக்கு உட்பட்டவர்கள் பதிவின்றியே இணையச் சந்தையில் சரக்கு விற்கலாம். ஆனால் சொந்த மாநிலத்துக்குள் மட்டும். செஞ்சியிலிருந்து கன்னியாகுமரிக்கு விற்கலாம். அதைவிடப் பக்கத்தில் உள்ள புதுச்சேரிக்கு விற்கக் கூடாது! பாதிப் பாலம்தான், என்றாலும் பாலம்தான்.

அடுத்த தடை பாயின் உடம்பிலேயே இருந்தது. கோரைப்பாய்க்கு எடை குறைவு, நீளம் அதிகம். பார்சல் நிறுவனங்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை; நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி, பொதி அடைக்கும் இடத்துக்கும் ஓர் எடை போட்டு, எது அதிகமோ அதற்குக் கட்டணம் வாங்குவார்கள். ஆறடிப் பாய்ச் சுருள், வண்டியில் ஓர் ஆள் இடத்தைப் பிடிக்கும். மடித்தால் கோரை முறியும். ஒரு பாய்க்கு மேல் அதன் பாதி விலை கூலியாகிவிடும். நூறு பாய் மொத்தமாக அனுப்பிக் கிடங்கில் வைக்க வல்லவருக்கு இச்செலவு குறைகிறது. ஒன்றிரண்டு அனுப்புகிறவருக்குக் கூடுகிறது. இணையச் சந்தையின் வாசல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்பது உண்மை. வாசற்படியின் உயரம் மட்டும் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது.

பேத்தி சளைக்கவில்லை. நாலுக்கு ஆறு பாயை விட்டுவிட்டுச் சிறிய தொழுகைப் பாய்களைப் படமெடுத்தாள். சென்னையில் உள்ள சொந்தக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். அவர்கள் தங்கள் அடுக்குமாடியில் சொல்லி, பத்துப் பன்னிரண்டாகச் சேர்த்து வாங்கினார்கள். ஒரே கட்டாகப் பார்சலில் போயிற்று. பணம் நேரே அக்காவின் கணக்குக்கு வந்தது, பெட்டி சொல்லிற்று. பெரிய வியாபாரம் அல்ல. ஆனால் பெருநாளைக்குப் பேரப்பிள்ளைகளுக்குத் துணி எடுக்க, அந்த ஆண்டு அக்கா எவரையும் எதிர்பார்க்கவில்லை.

கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லும் வசனம் திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் என்பதை நம்மில் பலரும் அறிவோம். எழுத வல்லவர் நீதியோடு எழுத வேண்டும், எழுத மறுக்கலாகாது என்று அதில் வருகிறது. எழுத்தறியாதவர் பக்கம் நின்று சொல்லப்பட்ட கட்டளையாகவே இப்போது அது எனக்குப் படுகிறது. இன்று எழுதுகோலின் இடத்தில் கைப்பேசி இருக்கிறது. அதை இயக்கத் தெரிந்த பிள்ளைகள் நம் வீடுதோறும் இருக்கிறார்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' எங்கள் விழுப்புரம் மாவட்டத்தில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. கொரோனாவால் படிப்பை இழந்த பிள்ளைகளைத் தேடித் தன்னார்வலர்கள் வீதிக்கே சென்று கற்பித்தார்கள். அவர்களில் மிகுதியானோர் பெண்கள். அதுபோல் பெரியவர்களைத் தேடியும் நாம் செல்லலாகாதா? ஒவ்வொரு ஊர் ஜமாஅத்திலும், மகளிர் சுயஉதவிக் குழுவிலும், வாரத்தில் ஒரு மணி நேரம், படித்த பெண் பிள்ளைகள் நான்கு பேர் உட்கார்ந்து, இட்லி விற்கும் அம்மாவுக்கும் பூக்கட்டும் அக்காவுக்கும் தையல் தைக்கும் தங்கைக்கும் அவரவர் கணக்கை அவரவர் பார்க்கக் கற்றுக்கொடுக்கலாம். ஒரே ஒரு நெறி: கைப்பேசியை வாங்கி நாமே செய்து கொடுத்துவிடக் கூடாது. நேரமாகும், தவறு வரும், எனினும் அவர்கள் விரலே அழுத்தட்டும். "நீங்கள் கவலைப்படாதீர்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று அன்போடு சொன்னவன் நான். அந்த அன்பின் விலை 2,350 ரூபாயும், ஒரு மூத்த சகோதரியின் நான்கு மாத மௌனமும்.

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்ந்தது. அதன்பின் ஒருநாள் மாலை, மலையிலிருந்து இறங்கிய வெளியூர்க் குடும்பம் ஒன்று அக்காவின் திண்ணையில் நின்று இரண்டு பாய் வாங்கியது. நானும் அங்கே இருந்தேன். பெட்டி தொகையைச் சொல்லிற்று. அக்கா பாய்களைச் சுருட்டிக் கட்டிக் கொடுத்தார். அவர்கள் போனபின், பிஸ்கட் டப்பாவைத் திறந்து இரண்டு சிவப்புத் துண்டுகளைப் போட்டார்.

"பெட்டிதான் சொல்கிறதே அக்கா, இன்னும் எதற்கு இது?" என்றேன்.

"பெட்டி சொல்வது பெட்டியின் கணக்கு. இது என் கணக்கு" என்றார்.

அன்பான வாசகர்களே! உங்கள் வீட்டில், உங்கள் தெருவில், யாருடைய காசு யாருடைய கைப்பேசிக்குள் இருக்கிறது? கேட்க அவர்கள் தயங்குவார்கள். நீங்களே முந்திக்கொண்டு இன்று இரவு கேட்டுப் பாருங்கள்.